கிசுகிசு பேச்சில் சேர்த்தியில்லை

அந்த நகரத்தில் உடம்புக்கு முடியாமல் போன எல்லோருக்கும் அவரைத் தெரியும், முகம்தான் தெரியாது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒரு குரல் சொல்ல, 'அப்படின்னா எடுத்துத் தொலையேன்' என்று மனதுக்குள் திட்டியவர்கள் அத்தனை பேரும் திட்டியது அவரைத்தான்.

காத்திருக்கும் நேரம் வீணாகக் கூடாது என்று நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. காப்பீட்டுதாரரின் உரிமைகளும் பொறுப்புகளும் என்ற நீண்ட வாசகம் அதே குரலில் ஓடும். உரிமைகள் முதலில், பொறுப்புகள் பின்னால். உரிமைகள் முடிவதற்குள் பெரும்பாலும் அந்தப் பக்கம் யாராவது போனை எடுத்துவிடுவார்கள், அல்லது இந்தப் பக்கம் நோயாளி வெறுத்துப்போய் வைத்துவிடுவார். ஆகவே ஊரில் எல்லோருக்கும் உரிமைகள் தலைகீழ்ப் பாடம். பொறுப்புகள் என்று சில இருக்கின்றன என்ற சேதி பலருக்கு எட்டவே இல்லை.

வீட்டில் அவருக்கு அசரீரி என்று பெயர். வைத்தவன் மைத்துனன். கல்யாணமான புதிதில், சமையலறையில் இருந்த மனைவியைக் கூடத்திலிருந்து அவர் கூப்பிட்ட தோரணையைக் கேட்டுவிட்டு, "அக்கா, வானத்திலேருந்து யாரோ உன்னைக் கூப்பிடுறாங்க, என்னன்னு பாரு" என்றான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, இன்னும் உதிரவில்லை.

அந்த வாசகத்தை அவர் எழுதவில்லை. பேசுவதற்கென்று அமர்த்திய ஆள் ஒலிப்பதிவு நாளன்று வராமல் போனதால், தொலைபேசிப் பிரிவில் இருந்த அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒரே மூச்சில் படித்துக் கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நாளாக ஆக, நோயாளிகளுக்கு உரிமைகளை வழங்கியதே தான்தான் என்றொரு எண்ணம் அவருக்குள் வேர்விட்டுவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது மூட்டு வலி என்று வாய் திறந்தால் போதும். "இரண்டாவது மருத்துவக் கருத்தைப் பெறுவது உங்கள் உரிமை" என்று ஆரம்பித்துவிடுவார். மூட்டு வலிக்காரர் அந்த மூட்டை வைத்துக்கொண்டே எழுந்து ஓடுவார்.

அப்பேர்ப்பட்ட குரல்தான் ஒருநாள் கரகரத்தது. சுக்கு, வெந்நீர், உப்புத் தண்ணீர் என்று எதற்கும் அசையவில்லை. வாக்கியத்தின் நடுவில் காற்று மட்டும் வந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போனில் பேசக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. 'மரியாதை' என்று அவர் சொன்னது பின் வரிசைக்கு 'ரியா' என்று கேட்டது. பயந்துபோய்த் தொண்டை டாக்டரிடம் போனார்.

மனைவியும் கூட வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள், அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். டாக்டர் அறையின் வாசலில் அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். அது உரிமை. நீ இங்கேயே உக்காரு."

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. தொண்டைக்குள்ள மட்டும் என்னங்க அந்தரங்கம்?" என்றாள். ஆனாலும் உட்கார்ந்தாள். உரிமை என்று வந்துவிட்டால் அவரோடு வாதாடுவதைவிடச் சுவரோடு பேசலாம். சுவர் பதில் சொல்லாது.

டாக்டர் சின்னப் பெண். வேகமாகப் பேசுபவள். மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து, ஒன்றின் மேல் புள்ளி வைத்தாள். "இதுதான் சார் குரல் நாண். இங்க ஒரு தடிப்பு இருக்கு" என்றாள்.

தடிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அசரீரிக்கு மற்ற எல்லாம் அடைத்துக்கொண்டது. டாக்டரின் உதடுகள் அசைந்தன. பேனா கோட்டின் மேல் போய்ப் போய் வந்தது. கதவு, கூழாங்கல், ஓய்வு, தண்ணீர் என்று ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் மிதந்து வந்தன. அவர் அழகாகத் தலையாட்டினார். சும்மா ஆட்டவில்லை. தகுந்த இடத்தில் புருவத்தை உயர்த்தி, தகுந்த இடத்தில் 'ம்' கொட்டி, இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே என்கிற மாதிரி ஆட்டினார். பூம்பூம் மாட்டுக்காவது பக்கத்தில் மேளம் அடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"புரிஞ்சுதா சார்?"

தலை ஆடியது.

"ஏதாவது கேக்கணுமா?"

தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவர் யார்? ஊருக்கே கேட்கச் சொல்லிக் கொடுத்தவர். அவர் போய்க் கேட்பதாவது.

வெளியே வந்ததும் மனைவி, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"பேசக் கூடாதாம். சில வாரம். அவ்வளவுதான்" என்று கிசுகிசுத்தார்.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை, கிசுகிசுத்தார். காலையில் எழுந்ததும் செய்தித்தாளைப் பற்றிக் கிசுகிசுப்பு. குளியலறையில் துண்டு எங்கே என்று கிசுகிசுப்பு. அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு முழுவதும் கிசுகிசுப்பு. வாயைத் திறந்து சத்தம் வந்தால்தானே பேச்சு? இதில் சத்தமே இல்லையே. எனவே விரதம் பங்கமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. உண்மையில் முன்பைவிட இரண்டு மடங்கு சொற்கள் வெளியே போயின. ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே.

"முந்தியெல்லாம் அசரீரி தெருமுனை வரைக்கும் கேட்கும். இப்ப ஒட்டுக்கேட்டாத்தான் கேக்குது" என்றான் மைத்துனன். நீச்சல் குளத்தில் பாதுகாவலன் அவன். ஊதலை ஊதியே பிழைப்பு நடத்துபவன். சத்தத்தின் அருமை தெரிந்தவன்.

மனைவிக்கு அந்த வாரங்கள் பிடித்திருந்தன. சாப்பிடும்போது அவர் அவள் காதருகில் குனிந்து, "இன்னும் கொஞ்சம் மோர்" என்று கேட்பார். கேட்டது மோர்தான். ஆனால் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது.

மறுபடி டாக்டரிடம் போனபோதும் அவள் வெளியில்தான். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். வீக்கம் குறையவில்லை, கூடியிருந்தது.

"நான் சொன்ன மாதிரி குரலுக்கு ஓய்வு கொடுத்தீங்களா சார்?"

கம்பீரமான தலையாட்டல்.

"முழுசா? பேசவே இல்லையா?"

இன்னும் கம்பீரமாக.

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "பொதுவா ஓய்வுலயே சரியாகணும். உங்களுக்கு ஆகலை. அப்ப ஆபரேஷன்தான். தடிப்பை எடுத்துடலாம். ஆனா குரல் பழைய மாதிரியே இருக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. கொஞ்சம் மாறலாம். சிலருக்கு நிறையவே மாறும். யோசிச்சுக்கோங்க. புரிஞ்சுதா?"

இந்த முறை எல்லாமே காதில் விழுந்தது. விழுந்துதான் தொலைத்தது. தலை மட்டும் பழக்கதோஷத்தில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

காப்பீட்டு நிறுவனம் அனுமதி தருவதில் எப்போதும் நத்தைக்கு அண்ணன். சொந்த ஊழியருக்கென்றதும் குதிரையாகிவிட்டது. அடுத்த நாளே ஆபரேஷனுக்கு ஒப்புதல் வந்தது. சக ஊழியர்கள் கைகுலுக்கினார்கள். மறுக்கப்பட்டால் எப்படி மேல்முறையீடு செய்வது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஒப்புக்கொண்டுவிட்டால் எங்கே போய் முறையிடுவது என்று அந்த வாசகத்தில் ஒரு வரிகூட இல்லை.

அன்று மாலை மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அறுத்து எடுக்கிறது எதை? நாணையா, அதுமேல இருக்கிறதையா?" என்று கேட்டாள் மனைவி.

"அது வந்து... திசு சம்பந்தப்பட்ட..." என்று கிசுகிசுத்தார்.

"அதுக்கப்புறம் எத்தனை நாள் கழிச்சுப் பேச்சு வரும்?"

"படிப்படியாக..."

"மாறும்னா எப்படி மாறும்? கீச்சுனு ஆகுமா, கம்மிப்போகுமா?"

அசரீரி தண்ணீர் குடித்தார்.

"தெரியலைன்னு சொல்லுங்களேன். ஒண்ணும் குறைஞ்சு போயிடாது" என்றாள் அவள். "எங்க கடையில, 'எழுத்து தெரியுதா'ன்னு கேட்டா அத்தனை பேரும் 'தெரியுது'ம்பாங்க. 'என்ன எழுத்து'ன்னு கேட்டாத்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்."

"அத்தான், வேற டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றான் மைத்துனன். "ரெண்டாவது கருத்து. உங்க உரிமை. நீங்கதான சொல்லுவீங்க, கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும்."

அதற்கு நிறுவனத்துக்குத்தான் போன் செய்ய வேண்டும். மனைவி எண்ணை அழுத்தி, மூவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது."

மேசைமேல் பழைய அசரீரி எழுந்து நின்றது. எண்ணெய் தேய்த்து விட்டாற்போல வழவழப்பு. கோயில் மணியின் கடைசி அலை போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வால். உடம்போடு எதிரில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டார். தன் குரலைத் தானே உட்கார்ந்து கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இதுதான் போகப்போகிறது. அதை விட்டால் அவரிடம் வேறென்ன இருக்கிறது? சராசரி உயரம், சராசரி மூக்கு. இந்தக் குரல் இல்லாவிட்டால் கூட்டத்தில் அவரைத் தேடிப் பிடிக்க மனைவிக்கே சிரமம்.

அன்று எந்த ஊழியரும் சீக்கிரம் எடுக்கவில்லை. உரிமைகள் ஒவ்வொன்றாக ஊர்வலம் போய் முடிந்தன. சின்ன இடைவெளி. பிறகு, "காப்பீட்டுதாரரின் பொறுப்புகள்" என்றது குரல்.

"அடேங்கப்பா, ரெண்டாம் பாகம் இருக்கா?" என்றான் மைத்துனன்.

"மருத்துவர் கூறுபவற்றுள் தமக்கு விளங்காதவற்றை விளங்கவில்லை எனத் தெரிவிப்பதும், பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை முறையினைப் பின்பற்ற இயலாதவிடத்து அதனை மறைக்காது உரைப்பதும் காப்பீட்டுதாரரின் பொறுப்பாகும்."

"இதைத் தமிழ்ல சொன்னா என்ன?"

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. சொன்னபடி செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லு. அவ்வளவுதான்டா" என்றாள் அக்கா. பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்க படிச்சதுதானேங்க இது? ஒரு தடவைகூடக் கேட்டதில்லையா?"

அவர் நிமிர்ந்தார். குற்றச்சாட்டு என்று பட்டது. "நான் சொன்னபடி செய்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை" என்று கிசுகிசுத்தார்.

மைத்துனன் தம்ளரைக் கீழே வைத்தான். "பேசலையா? அப்ப இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"இது பேச்சில் சேர்த்தியில்லை."

"யார் சொன்னா?"

அதற்குள் போனில் ஒரு பெண் குரல் வந்துவிட்டது. அவரிடமே பயிற்சி பெற்றவள். மனைவி விஷயத்தைச் சொன்னதும், "சார் வீடா? சார், வணக்கம் சார்!" என்று குதூகலித்தாள். இரண்டாவது கருத்துக்குத் தாராளமாக ஏற்பாடு செய்யலாம் என்றாள். "ஆனா அந்த டாக்டர் முதல்ல ஒண்ணு கேப்பார் சார். குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாங்களே, அதை முழுசாக் கடைப்பிடிச்சீங்களா?"

அசரீரி தலையாட்டினார்.

"சார்?"

இன்னும் அழுத்தமாக ஆட்டினார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காதது அவருக்கு என்னவோ போல் இருந்தது. எத்தனையோ அறைகளில் எத்தனையோ மேதாவிகள் முன்னால் கைகொடுத்த தலையாட்டல், ஒரு போன் கம்பிக்குள் நுழையத் தெரியாமல் வெளியே நின்றுகொண்டிருந்தது. போனில் பிழைப்பு நடத்தியவருக்கு இது தெரியாதா? தெரியும். முதல் நாள் வகுப்பில் முதல் பாடமே அதுதான்: எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது, வாயைத் திறந்து சொல்லுங்கள்.

குனிந்து போனருகில் வாயைக் கொண்டுபோனார்.

"தெரியலைம்மா" என்றார்.

"சார், குரல் சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

ஒரு முறை சொன்னதே அவருக்குப் பெரிய காரியம். இன்னொரு முறையும் சொன்னார். "தெரியலை. கடைப்பிடிச்சேனா இல்லையான்னு எனக்குத் தெரியலை."

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். "அப்ப மொதல்ல உங்க டாக்டரையே கேட்டுடுங்க சார். நாங்க எங்கயும் போயிட மாட்டோம்" என்றாள். சொல்லிவிட்டு, கற்றுக்கொடுத்தவரிடமே கற்றுக்கொடுத்ததை ஒப்பித்தாள்: "வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?"

மறுநாள் டாக்டர் அறை வாசலில் மனைவி பழக்கப்படி வெளி நாற்காலியைப் பார்த்து நடந்தாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அந்தரங்கம்?" என்றாள்.

அவர் கையை விடவில்லை.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கே சார்?"

அவர் தொண்டையைச் செருமப் போனார். அதுகூடத் தப்போ என்னவோ என்று நிறுத்திக்கொண்டார். வழி முழுக்க வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார், எழுவாய் முதல் முற்றுப்புள்ளி வரை. வாயைத் திறந்ததும் அதெல்லாம் உதிர்ந்துவிட்டது.

"டாக்டர், கிசுகிசுன்னு பேசினா அது பேச்சுல சேருமா?"

பேனா நின்றது. "எப்ப கிசுகிசுன்னு பேசினீங்க?"

"எப்பவும்."

"எப்பவும்னா?"

"காலையில எந்திரிச்சதுலேருந்து ராத்திரி கண்ணசர்ற வரைக்கும்" என்றாள் மனைவி. "ஆபீஸ்ல வகுப்பே அப்படித்தான் எடுத்தார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாள். கோபமா, சிரிப்பா என்று அவளுக்கே முடிவாகவில்லை போலிருந்தது. "சார், தொண்டையை இறுக்கி இறுக்கிக் கிசுகிசுக்கிறது சாதாரணமாப் பேசுறதைவிட மோசம். நாண் இழுத்துப் பிடிச்சுக்கும். முதல் நாளே சொன்னேனே!"

"சொல்லியிருப்பீங்க. நான் தலையாட்டியிருப்பேன்."

"நல்லாவே ஆட்டினீங்க. இவ்வளவு நல்லாப் புரிஞ்சுக்கிற ஒருத்தரை நான் பார்த்ததே இல்லைன்னு நினைச்சேன்."

பிறகு டாக்டர், "நானும் திருப்பிக் கேட்டிருக்கணும். வெளியில பத்துப் பேர் உக்காந்திருந்தாங்க" என்றாள். யாரையும் பார்க்காமல், தாளைப் பார்த்துச் சொன்னாள்.

மனைவி திடீரென்று, "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துது டாக்டர்" என்றாள். "இது பேச்சுதானேன்னு ரெண்டாம் நாளே தோணுச்சு. சொல்லலை."

அசரீரி திரும்பிப் பார்த்தார்.

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல எல்லாரும் இருக்கும்போது இவர் என்கிட்ட இப்படித்தான் பேசுவார். மெதுவா, பக்கத்துல வந்து. கல்யாணமான கையோட அந்த ரெக்கார்டு பண்ணினார். அதுக்கப்புறம் வீட்டுலயும் அதே குரல்தான். இது திரும்பி வந்துதேன்னு விட்டுட்டேன். தப்புதான்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையை உயர்த்தினாள். "வேண்டாம் சார். இந்த நிமிஷத்துலேருந்து ஒண்ணும் வேண்டாம்."

ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை என்றாள். தடிப்பு கெட்ட வகையாகத் தெரியவில்லை, காத்திருக்கலாம். நிஜமான ஓய்வு கொடுத்துப் பார்த்தால்தான் அது தேவையா என்றே தெரியும். கரைந்தால் நல்லது. கரையாவிட்டால் கத்திதான், அப்போது குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். அதை இன்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு எதெது கூடாது, எப்போது ஆவி பிடிப்பது, என்றைக்கு ஒரு வார்த்தையில் ஆரம்பித்து எப்படிக் கூட்டுவது, எது நடந்தால் உடனே ஓடி வருவது என்று சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும் பழைய வேகம் தொற்றிக்கொண்டது. வெளியில் யாரோ இருமினார்கள். பேனா மறுபடி இரண்டு கோடு போட்டுப் புள்ளி வைத்தது.

"புரிஞ்சுதா சார்?"

கழுத்து அசையத் தொடங்கியது. தாடை கீழிறங்கி, புருவம் பாதி ஏறி, அந்த 'ம்' தொண்டைக்கு வந்துவிட்டது. கம்பீரமான, கச்சிதமான, எல்லாம் தெரிந்த தலையாட்டல் முக்கால் தூரம் வந்திருந்தது.

அவர் மோவாயைக் கையால் பிடித்துக்கொண்டார். ஓடப்பார்க்கும் கன்றுக்குட்டியைப் பிடிப்பது போல.

பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைத்தார். தாளின் மேல் விரலை வைத்து, கோட்டின் ஆரம்பத்துக்கு, புள்ளிக்கு முன்னால், வெகு முன்னால் நகர்த்திக் காட்டினார். அங்கேயிருந்து.

டாக்டர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.